ஜன்னல் பக்கத்துக் கொக்கி

பிப்ரவரி 6, 2023, திங்கள்

நேற்று சாப்பாட்டு மேசையில் அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “ஏம்மா ஸ்வென்யா, காலங்காத்தால ஆம்பளைங்க மூஞ்சியப் பாக்குறதுக்கா அஞ்சு வருஷம் யுனிவர்சிட்டில படிச்சே?” அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் பதில் எப்போதும் மறுநாள்தான் வரும், அதுவும் காகிதத்தில்.

பதில் இதுதான், அப்பா: ஆமாம். பார்ப்பதற்குத்தான்.

நான் வேலை பார்க்கும் ஃபெல்பர் தொழிற்சாலையில் ரேசர் செய்கிறவர்கள் வீட்டில் சவரம் செய்துகொள்வதில்லை. முள்முகத்தோடு வேலைக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நேராகச் சவர அறைக்குள் போகிறார்கள். சம்பள நேரத்தில் சவரம். ஆறு வாஷ்பேசின்கள் சுவரோரம் வரிசையாக. வலது கோடியில் ஆளுயர ஜன்னல், இடது கோடியில் கதவு. ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைக் கொக்கி. ஜன்னல் பக்கத்துக் கொக்கியில் தொங்கும் ரேசர் வலது கன்னத்துக்கு, கதவுப் பக்கத்தில் தொங்குவது இடது கன்னத்துக்கு. ஒரே முகம், ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். பாதிக்கு ஒரு ரேசர், மீதிப் பாதிக்கு இன்னொன்று. முடிந்ததும் ஒவ்வொருவராக என் விளக்கின் கீழ் வந்து உட்காருகிறார்கள். எங்கே வெட்டு, எங்கே சிவப்பு, எங்கே முடி தப்பியது என்று பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

வெட்கப்படுகிற ஒருத்திக்கு இதைவிட விசித்திரமான வேலை கிடைத்திருக்காது. ஆனால் பாதி முகத்தில் நுரையோடு நிற்கும் ஆணைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. அவர்கள்தான் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

பிப்ரவரி 8, புதன்

கிஸ்பர்ட் நுரை அடிப்பதை இன்று முழுக்கப் பார்த்தேன். உலோகம் வார்க்கும் அச்சு வெட்டுகிற பட்டறையின் ஆள். விரல்கள் தடித்தவை, நகத்தடியில் எண்ணெய்க் கறுப்பு. அந்தக் கை பிரஷைப் பிடிக்கிற விதம்! சோப்பின் மேல் சுற்றுகிறார், சுற்றுகிறார், அவசரமே இல்லை. முதலில் பெரிய குமிழிகள், கிண்ணம் வழிகிற மாதிரி. நானாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சுற்றுகிறார். குமிழிகள் மறைந்து தயிர் ஏடு மாதிரி ஆகிறது. பிரஷை எடுத்தால் நுரை ஒரு கொக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அதன் பிறகுதான் முகம்.

பிறகு அந்தச் சத்தம். முடி அறுபடுகிற மெல்லிய சரசரப்பு. பிளாஸ்டிக் ரேசரில் அது கேட்பதில்லை என்கிறார். “இந்தச் சத்தம் மாறிச்சுன்னா கோணம் தப்பிப்போச்சுன்னு அர்த்தம். காதால ஷேவ் பண்ணணும், பொண்ணே.”

பிப்ரவரி 9, வியாழன்

எதற்காக இந்தச் சோதனை என்று இங்கேயும் எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே மறந்துபோகாமல் இருக்க.

பழைய முறைச் சவரம் திரும்பி வந்திருக்கிறது. சோப்பு, பிரஷ், ஒற்றை பிளேடு. லிஸ்பனிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் இருபத்தைந்து வயதுப் பையன்கள், “உங்க பழைய ரேசர் திரும்ப வருமா?” என்று எழுதுகிறார்கள். பொட்டலம் கட்டும் பிரிவின் செலால் சொல்வது: “நுரைய அரை மணி நேரம் அடிச்சு, அதைப் படம் புடிச்சு உலகத்துக்கே காட்டுறானுங்க. எங்கப்பா தினம் அடிச்சாரு, ஒருத்தனும் கைதட்டல.”

முதலாளி ஃபெல்பர் அம்மையாருக்கு இரண்டு வழி. ஒன்று, அவருடைய தாத்தா காலத்து ரேசர் தலையையே இங்கே மறுபடி செய்வது. அதன் அச்சு எப்போதோ தொலைந்துபோனது. சந்தையில் கிடைத்த ஒரு பழைய ரேசரை அளந்து அளந்து கிஸ்பர்ட் புது அச்சு வெட்டியிருக்கிறார். இரண்டு, வெளியூரில் ஆயத்தமாக வார்த்துக் கிடைக்கும் தலையை வாங்கி நம் பெயரைப் பொறிப்பது. பழையதற்குச் சிவப்பு வளையம், வாங்குவதற்கு நீல வளையம். நியாயமாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே மாதிரிக் கைப்பிடியில், தாத்தா காலத்துக் குட்டைக் கைப்பிடியில், திருகியிருக்கிறார்கள்.

சிவப்பு ஜெயித்தால் பட்டறை ஓடும். நீலம் ஜெயித்தால் கிஸ்பர்டின் பட்டறைக்கு வேலை இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் சிவப்பு ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. புள்ளியியல் படித்தவள் எழுதக்கூடாத வாக்கியம் அது.

பிப்ரவரி 12, ஞாயிறு

சிவப்பு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கால்களில் பார்த்தேன். கிஸ்பர்ட் மாதிரி நுரை அடிக்க முயன்றேன், குளியலறைச் சுவரெல்லாம் சோப்பு. மூன்றாவது முறை வந்தது. ரேசரின் எடை தானாக இறங்குகிறது. கை அதைத் தள்ள வேண்டியதே இல்லை, வழி காட்டினால் போதும். முழங்காலில் ஒரு சின்ன வெட்டு. அதை எந்தத் தாளில் குறிப்பது?

எவ்வளவு எளிய பொருள். மூன்று துண்டு உலோகம், ஒரு திருகு. தட்டையான பிளேடைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் எத்தனை பேர் தங்கள் தாடையை வெட்டிக்கொண்டிருப்பார்கள்!

பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று கிஸ்பர்ட் பேசும் மனநிலையில் இருந்தார். அவருடைய தாத்தா வுப்பர் ஆற்றங்கரைப் பட்டறையில் மடக்குச் சவரக்கத்தி தீட்டியவராம். “கட்டைவிரல் நகத்துல வெச்சு அழுத்துனா அலகு வளையணும். சுண்டுனா பாடணும். பாடாத கத்திய தாத்தா திருப்பி எறிஞ்சிடுவாரு.” மெல்லிய இரட்டை முனை பிளேடு வந்தபோது தீட்டுகிறவர்கள் அதைத் தகரம் என்று திட்டினார்களாம். பிறகு அந்தத் தகரத்துக்கே ரேசர் செய்து சாப்பிட்டார்கள். பிறகு தூக்கி எறியும் பிளாஸ்டிக்.

“அப்புறம் ரெண்டு பிளேடு, மூணு, அஞ்சு. ஆறாவது எப்ப வரும்னு கேலி பண்ணோம். வந்துச்சு.”

“அண்ணே, ஏழாவது வந்தா மூக்கும் சேந்து போயிடும்,” என்றான் செலால். அவன் முகம் முழுக்க நுரை. சிரித்ததில் வாய்க்குள் போய்விட்டது.

பிப்ரவரி 16, வியாழன்

கார்னிவல் வியாழன். பெண்கள் ஆண்களின் டையை வெட்டும் நாள். இங்கே ஒருவரும் டை கட்டுவதில்லை. பொட்டலப் பிரிவுப் பெண்கள் கத்தரிக்கோலோடு சவர அறைக்குள் புகுந்து, கழுத்தில் தொங்கிய துண்டுகளின் நுனியை வெட்டிக்கொண்டு போனார்கள். என் கையிலும் ஒரு கத்தரிக்கோலைத் திணித்தார்கள். கிஸ்பர்ட் துண்டின் நுனியை நீட்டிக்கொண்டே நின்றார். “வெட்டு, வெட்டு, பயப்படாதே.” வெட்டவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு விளக்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

சோதனையின் முதல் பாதி முடிந்தது. சிவப்பு எங்கோ முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. வெட்டு, எரிச்சல், தப்பிய முடி, எதிலும் நீலம் பக்கத்தில்கூட வரவில்லை. திங்கட்கிழமை இரண்டையும் கொக்கி மாற்றி மாட்டுவார்கள். சிவப்பு இடது கன்னத்துக்கு வரும். எந்தச் சோதனையிலும் அப்படித்தானே?

பிப்ரவரி 27, திங்கள்

மாற்றவில்லை.

சிவப்பு அதே ஜன்னல் பக்கத்துக் கொக்கியில். நான் கிஸ்பர்டிடம் போய், என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு, “இன்னிக்கு மாத்தி மாட்டணும் இல்ல?” என்றேன்.

“எதை?”

“சிவப்பை அந்தப் பக்கம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை! கோபம் இல்லை. நான் சாப்பாட்டு மேசையில் செருப்பை வைக்கச் சொன்ன மாதிரி. “அது நம்ம ரேசரோட கொக்கி, பொண்ணே. ஃபெல்பர் தாத்தா காலத்துலேருந்து. யாரோட ரேசர் போட்டிக்கு வந்தாலும் அது கதவுப் பக்கம்தான். ஜன்னல் பக்கத்துல வேற எதுவும் தொங்கினதில்ல.”

சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கன்னம் கன்னம்தானே. இரண்டிலும் ஒரே தோல். பெரிய வித்தியாசம் இருக்காது.

இருக்காதா?

மார்ச் 3, வெள்ளி

சோதனை முடிந்தது. சிவப்புக்கு வெற்றி. ஃபெல்பர் அம்மையார் சூடான வாஃபிளும் செர்ரியும் வரவழைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கோப்பையைத் தூக்கி, “தாத்தா தப்பு பண்ணல. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி அச்சு வேலைக்குக் கையெழுத்து,” என்றார். மற்ற ஐந்து பேரும் பாராட்டாக மேசையைத் தட்டினார்கள். கிஸ்பர்ட் தட்டவில்லை, மூக்கைச் சீந்திக்கொண்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார்.

போகும்போது என் மேசையில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். கைப்பிடியை அவரே கடைந்த ஒரு பிரஷ். என் உள்ளங்கை அளவுக்குச் சிறியது. எப்போது என் கையை அளந்தார்?

மார்ச் 5, ஞாயிறு

அப்பாவின் தாடையில் பிளாஸ்திரி.

எப்போதும் இருப்பதுதான். சின்ன வயதில் பள்ளியில் அப்பாவை வரையச் சொன்னபோது கண், மூக்கு, பிளாஸ்திரி என்று வரைந்தேன். அது முகத்தின் ஒரு பாகம் என்று நினைத்திருந்தேன். இன்று எதிரே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் இடது கையில். பிளாஸ்திரி வலது தாடையில்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா இடது கைக்காரர். சாவி, சுத்தியல், ஸ்பூன், ரேசர், எல்லாம் இடது. அவருக்கு எட்டாத கன்னம் வலது. கை மூக்கைத் தாண்டிக் குறுக்கே போக வேண்டிய கன்னம். வெட்டு விழுவது எப்போதும் அங்கே.

என் ஆறு பேரும் வலது கைக்காரர்கள். அவர்களுக்கு எட்டாத கன்னம் இடது. நீலம் தொங்கும் பக்கம். கதவுப் பக்கம். வெளிச்சமும் குறைவான பக்கம்.

“என்னம்மா, உப்பு அதிகமா?” என்றாள் அம்மா.

மார்ச் 6, திங்கள்

ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

சொல்லவில்லை. கிஸ்பர்ட் பட்டறையில் விசில் அடிக்கிறார். விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

மார்ச் 8, புதன்

யோசித்துப் பார்க்கிறேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நல்ல ரேசர் ஒன்று வெளியே வரும். எனக்குப் பிடித்த ரேசர். எல்லோருக்கும் வேலை இருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்? லிஸ்பன் பையனா?

ஆனால் அவன் தாடையில் அது வெட்டுமா வெட்டாதா என்று எனக்குத் தெரியாது. நான் குறித்ததெல்லாம் ரேசரைப் பற்றியது இல்லை. ஆறு முகங்களின் எந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறது என்பதைப் பற்றியது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லத்தான் நான் படித்தேனா?

வீட்டில் யாருக்கும் இதை விளக்க முடியாது. இங்கே யாரிடமும் சொல்லவும் முடியாது. அய்யோ, ஏன்தான் அந்தப் பிளாஸ்திரியைப் பாத்தேன்!

மார்ச் 10, வெள்ளி

முதலில் கிஸ்பர்டிடம் சொன்னேன். நான் முதலாளியிடம் போன பிறகு அவர் கேள்விப்படுவது சரியில்லை.

இடைவேளை. கறுப்பு ரொட்டி, புகையில் காய்ந்த சாஸேஜ், மேலே வெங்காயம். அவர் சாப்பிடும்போதே நின்றபடி சொல்லிவிட்டேன், பிளாஸ்திரி வரை. நடுவில் நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன்.

மென்றுகொண்டே இருந்தார். பிறகு ரொட்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப எங்க முன்னாடி ஆளுங்க எல்லாம் ஏமாத்துக்காரங்களா?”

“இல்லைங்க. ஏமாத்தல. தன்னோடத நல்ல வெளிச்சத்துல வெச்சாங்க.”

“அது மரியாதை.”

“ஆமாங்க.”

“அந்தக் கொக்கிக்கு நான் தினம் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன், தெரியுமா?”

தெரியும். தினம் பார்க்கிறேன். அவர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். அந்தச் சின்னப் பிரஷ் என் பைக்குள் இருந்தது. திருப்பிக் கேட்பாரோ என்று ஒரு கணம் பயந்தேன்.

மார்ச் 13, திங்கள்

ஃபெல்பர் அம்மையாரின் அறை. உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

கேட்டு முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். “இத்தனை வருஷமா ‘எல்லாரையும் ஜெயிச்ச ரேசர்’னு பெட்டி மேல அச்சடிச்சிருக்கோம். அதெல்லாம் ஜன்னல் வெளிச்சமா?”

“இருக்கலாம். தெரியாது. அதான் மறுபடி பாக்கணும்னு...”

“இதை ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாதா?”

“கேட்டேன். சத்தமா கேக்கல.”

அவர் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. “கையெழுத்தத் தள்ளிப்போடுறேன். அடுத்த திங்கள்லேருந்து மாத்தி மாட்டு. நீயே மாட்டு. கிஸ்பர்ட மாட்டச் சொல்லாதே.”

மார்ச் 20, திங்கள்

மற்றவர்களுக்கு முன்பே வந்து நானே மாட்டினேன். நீலம் ஜன்னல் பக்கம், சிவப்பு கதவுப் பக்கம். ஏதோ வீட்டில் பெரியவர்களின் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

செலால் உள்ளே வந்து நின்றான். “டேய், இங்க பாருங்கடா. நம்ம மூஞ்சியையே கழட்டித் திருப்பி மாட்டிட்டா.” மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கிஸ்பர்ட் கடைசியாக வந்தார். முகம் பளபளவென்று இருந்தது. வீட்டிலேயே சவரம் செய்துவிட்டு வந்திருக்கிறார்! இந்தத் தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய வேலைநிறுத்தம் கிடையாது. சவர அறைக் கதவருகே ஒரு நிமிடம் நின்றார். தாடையைத் தடவிக்கொண்டார். போய்விட்டார்.

ஒரு வாஷ்பேசின் காலி. ஆள் குறைந்தால் கணக்கு நிற்காது. ஃபெல்பர் அம்மையாரிடம் போனேன். “ஒரு ஆளைக் கொண்டா,” என்றார் தலை நிமிராமல். “இடது கைக்காரனா இருந்தா இன்னும் நல்லது. உனக்குத்தான் ஒருத்தரைத் தெரியுமே.”

மார்ச் 21, செவ்வாய்

அப்பாவிடம் ஃபோனில் கேட்டேன்.

“நானா? அங்கயா? எல்லாரும் பாப்பாங்களா?”

“நான் பாப்பேன். அதுதாம்ப்பா என் வேலை.”

“டியூட்டி பத்து மணிக்குத்தான்,” என்றார்.

மார்ச் 22, புதன்

அப்பா வந்தார். பஸ் ஓட்டுநர் சீருடையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் காலை நூறு தடவை துடைத்துக்கொண்டு. இந்த ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் பஸ்ஸைச் சிரித்துக்கொண்டே திருப்புகிறவர், ஆறு வாஷ்பேசின்களுக்கு முன்னால் பள்ளிப் பையன் மாதிரி நின்றார். என்னுடைய வெட்கம் எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிந்தது.

டப்பா நுரையும் பிளாஸ்டிக் ரேசரும் தவிர வேறு தொட்டதில்லை. பிரஷைச் சோப்பில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தார்.

“அண்ணே, அது செருப்பு பாலிஷ் இல்ல,” என்றான் செலால். “சுத்துங்க. மெதுவா. பஸ் ஸ்டியரிங் மாதிரி.”

“ஸ்டியரிங்க இப்படிச் சுத்துனா பஸ் ஆத்துலதான் இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த அறையில் முதல் சிரிப்பு.

நுரை வந்தது. சூடான நுரை முகத்தில் பட்டதும் அப்பா கண்களை மூடிக்கொண்டார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. இடது கன்னத்தில் சிவப்பு சறுக்கிக்கொண்டு போனது. “ஏய், கேக்குதே!” என்றார், அந்தச் சரசரப்பைக் கேட்டு. பிறகு வலது கன்னம், நீலம். இடது கை குறுக்கே போனது. முஷ்டி வாயை மறைத்தது, விரல் முட்டி மூக்கில் இடித்தது. கண்ணாடியில் தாடை தெரியவில்லை. வெட்டு. அதே இடம்.

நான் குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கதவருகே கிஸ்பர்ட் நின்றிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மழித்திருந்தது. அதை இன்று நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 23, வியாழன்

அம்மா ஃபோன். “உங்கப்பா நேத்து டிப்போ முழுக்கச் சொல்லிட்டு வந்து, வீட்டுல என்கிட்டயும் சொன்னாரு. ‘எங்க எரியுதுன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியுது, மார்லீஸ். விளக்க வெச்சு ஒரு பார்வ பாத்தா.’ நாளைக்கும் வரேன்னு சொல்லச் சொன்னாரு.”

மார்ச் 31, வெள்ளி

இரண்டு வாரக் கணக்கு முடிந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபெல்பர் அம்மையாரிடமும் கிஸ்பர்டிடமும் சொன்னேன். கொக்கியை மாற்றியதும் சிவப்பு விழுந்தது, நீலம் ஏறியது. ஐந்து பேருக்கும் அப்படியே. அப்பாவுக்கு மட்டும் தலைகீழாக, ஜன்னல் பக்கத்து நீலம்தான் வெட்டியது. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால் ரேசர் தலைகளுக்குள் வித்தியாசமே இல்லை.

“அப்ப யாரு ஜெயிச்சது?” என்றார் ஃபெல்பர் அம்மையார்.

“கைக்குப் பக்கத்துல இருக்கற கன்னம்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு நிறுத்தினார். சிரிப்பு முடிந்ததும் அந்த அறையில் மிச்சம் இருந்தது என்ன என்று மூவருக்கும் தெரியும். சமம் என்றால் வாங்குகிற தலையே போதும், புது அச்சை ஓட்டக் காரணம் இல்லை. நான் கிஸ்பர்டைப் பார்க்கவில்லை. மேசையின் மரக்கோடுகளைப் பார்த்தேன்.

“கைப்பிடி,” என்றார் கிஸ்பர்ட்.

“என்ன?”

“ரெண்டுக்கும் ஒரே கைப்பிடிதான மாட்டினோம். குட்டை. அந்தக் காலத்துல பட்டாளத்துச் சட்டைப் பைக்குள்ள அடங்கணும்னு செஞ்சது. அந்த பஸ்காரரு கை குறுக்க போறப்ப பாத்தேன், முஷ்டி வாய் மேல உக்காந்துக்குது. கண்ணு தெரியாமத்தான் வெட்டிக்கிறாரு. நம்ம எல்லாருக்கும் கதவுப் பக்கம் அதான். ஜன்னல் பக்கத்துல இடிக்காது. அதனால நம்ம ரேசர்ல அந்தக் குறைய யாரும் பாத்ததே இல்ல.” பிறகு என்னைப் பார்க்காமலேயே, “எனக்கு ரெண்டு வாரம் வேணும். பொண்ணு மறுபடி பாக்கட்டும்.”

ஏப்ரல் 4, செவ்வாய்

கடைசல் இயந்திரம் நாள் முழுக்க ஓடுகிறது. விசில் இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

ஏப்ரல் 17, திங்கள்

நீளமான கைப்பிடி. ஒரு விரல் நீளம்தான் கூடியிருக்கிறது. எடையைக் கொஞ்சம் அடிப்பக்கம் இறக்கியிருக்கிறார், எட்டிப் போகும் கை அழுத்தாமல் இருக்க. இம்முறை குட்டைக்கும் நீளத்துக்கும் போட்டி, இரண்டின் தலையும் சிவப்பு. பக்கத்தை வாராவாரம் மாற்றுவது என்று சோதனைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பெரிய எழுத்தில்.

கிஸ்பர்ட் முள்முகத்தோடு வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. செலால் மட்டும் அவருக்குச் சூடான துண்டை நீட்டினான். ஏழு பேர், ஆறு வாஷ்பேசின். அப்பா முடிக்கும்வரை கிஸ்பர்ட் காத்திருந்தார்.

ஏப்ரல் 28, வெள்ளி

எட்டாத கன்னத்தில் வெட்டு குறைந்திருக்கிறது. நன்றாகவே குறைந்திருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறையும் பார்த்தேன், சந்தோஷத்துக்காக.

மே 5, வெள்ளி

ஃபெல்பர் அம்மையார் கையெழுத்துப் போட்டார். “தலை ரெண்டும் சமம்னா நம்ம பட்டறையில செய்யறதையே விக்கிறேன். கைப்பிடி இங்கதான் கடையணும், தலையும் இங்கயே இருக்கட்டும்.” முதலில் சிறிய அளவில்தான், ஓடினால் மேலே பார்க்கலாம். பெட்டியின் மேல் ‘எல்லாரையும் ஜெயிச்ச ரேசர்’ என்ற வரி இனி கிடையாது. அதற்குப் பதில் என்ன போடுவது என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். காகிதத்தில்.

மே 14, ஞாயிறு

அன்னையர் தினம். அம்மாவுக்கு டூலிப் பூ. அப்பா எதிரே உட்கார்ந்து ஆஸ்பரகஸ் சூப் குடித்தார், ஸ்பூன் இடது கையில். வலது தாடையில் ஒன்றும் இல்லை. தோல் மட்டும். ஒரு கணம் யாரோ மாதிரி தெரிந்தார்.

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் அப்பா தாடையை முன்னால் நீட்டி, “பாத்துக்கோ, உன் வேலைதானே,” என்றார். விளக்கு இல்லாமலே பார்த்தேன்.

மே 22, திங்கள்

ஹாலந்திலிருந்து வேறு யாரோ செய்த ரேசர் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வந்திருக்கிறது. இன்று முதல் நாள். அப்பாவுக்கு இந்த வாரம் காலை டியூட்டி; நான் ஏறி வந்த அவருடைய பஸ்ஸே மலையேற்றத்தில் கம்பி கழன்று நின்றுவிட்டது. நான் தாமதமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். மாட்ட வேண்டியது என் வேலை.

சவர அறைக்குள் எல்லோரும் நுரை அடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கிகள் பளபளவென்று துடைத்திருந்தன, இரண்டு பக்கமும். ஜன்னல் பக்கத்தில் வெளிச்சத்தில் தொங்கியது ஹாலந்து ரேசர். நம்முடையது கதவுப் பக்கம்.

கிஸ்பர்டின் கையில் இன்னும் எண்ணெய்த் துணி இருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். “அடுத்த வாரம் மாத்திடலாம்,” என்றார். தாடையை உயர்த்தி, எட்டாத பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.